பின்னறையில் ஓர் உச்சி

"இந்த ஷீட்ல ஓரத்துல இருக்கறது உங்க கையெழுத்து தானே, மேடம்?"

சர்வே ஆபீஸிலிருந்து வந்திருந்த பெண் அந்தக் காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் நான் வரைந்த வரைபடம். கண்ணாடி போடாமலே என் கோடு எனக்குத் தெரிந்தது.

"என்னோடது தான். வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம் வரைஞ்சது. நல்லா இருக்கில்ல?"

"ரொம்ப அழகா இருக்கு மேடம். அதுதான் பிரச்சினை."

"அழகா இருந்தா என்னம்மா பிரச்சினை?"

"அழகுக்காக ஒரு வார்த்தையை விட்டுட்டீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தி நாலு வருஷம் அந்த ஆபீஸில் டிராயிங் மேஜையில் குனிந்தே முதுகு வளைந்தவள் நான். என் ஷீட்டைப் பிரேம் போட்டு மேலதிகாரியின் அறையில் மாட்டியிருந்தார்கள். ஒரு வார்த்தையாம்.

உள் அறையில் என் வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கிடைக்கப் போகும் கேடயத்துக்கு வியாழக்கிழமையே ஆணி. அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். நாற்பத்தைந்து வயதில் ஒரு நாள் எண்ணெய்க் கையோடு வீட்டுக்கு வந்து, "நாள் பூரா ஊர்ல இருக்கறவனை எல்லாம் மேல அனுப்பறேன். நான் என்னைக்கு மேல போறது?" என்று கேட்டார். அப்போது பிடித்த பைத்தியம். எங்கள் சின்ன நாட்டில் பதினாலு மாநிலம். ஒவ்வொன்றிலும் மிக உயர்ந்த இடம் எதுவோ அங்கே போய் நிற்க வேண்டும். இயற்கையான நிலமாக இருக்க வேண்டும். மனிதன் கட்டியதும் கொட்டியதும் சேராது. இதற்கென்றே ஒரு கழகம் வேறு இருக்கிறது, இவரைப் போல இன்னும் அறுபது பைத்தியங்களோடு. போன மாதம் முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு பதினாலாவதையும் ஏறி முடித்துவிட்டார். கழகத்தில் பதினாலையும் முடித்த முதல் ஆள் இவர்தான், அதற்குத்தான் கேடயம்.

"என்ன வார்த்தை?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

அவள் பையிலிருந்து இன்னொரு காகிதம் எடுத்தாள். அந்தக் காலத்து அளவுக் குறிப்பேட்டின் நகல். வெயிலில் கருவியை வைத்துக்கொண்டு அளப்பவர்கள் அதில் எழுதித் தருவார்கள், அதைப் பார்த்து நாங்கள் வரைவோம்.

"இங்க பாருங்க. தண்ணித் தொட்டி மேடு, எழுபத்தொண்ணு புள்ளி ஆறு மீட்டர். அதுக்குக் கீழ பென்சில்ல என்ன எழுதியிருக்கு?"

கண்ணாடியைப் போட்டேன். *கொட்டிய மண்* என்று எழுதியிருந்தது.

என் கை தானாகவே என் ஷீட்டுக்குப் போனது. மேடு இருக்கிறது. எண் இருக்கிறது. உச்சியைக் காட்டும் குட்டி முக்கோணம் இருக்கிறது. கொட்டிய மண் இல்லை. இந்தப் பக்கம் வாய்க்கால், அந்தப் பக்கம் ரோடு, நடுவில் எள் விழ இடமில்லை. அன்று மத்தியானம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தது அப்படியே நினைவுக்கு வந்தது. இந்த இரண்டு வார்த்தையை நுழைத்தால் வாய்க்கால் கோட்டில் இடிக்கும், பார்க்க அசிங்கமாக இருக்கும். போனால் போகிறது, யார் கேட்கப் போகிறார்கள்?

"உங்க ஷீட்டை வெச்சுத்தான் மேடம் அதுக்கப்புறம் எல்லாரும் எழுதினாங்க. தட்டையா கிடக்கற நம்ம மாநிலத்துல ஒசந்த இடம் தண்ணித் தொட்டி மேடுன்னு. ஸ்கூல் புஸ்தகத்துல கூட."

என் மகளே அதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறாள்.

"அப்போ நிஜமான இடம் எது?"

"போன மாசம் கருவி வெச்சுப் பார்த்தோம். தொட்டிக்குத் தெற்கால மூணாவது தெரு. பம்ப் ஹவுஸ் தெருன்னு சொல்வாங்களே. அங்க ஒரு வீட்டுக்குள்ள."

"வீட்டுக்குள்ளயா?"

"பின்னறையில, மேடம்! சிமென்ட் தரையை முட்டிக்கிட்டு ஒரு பாறை நிக்குது. எழுபது புள்ளி ஒம்பது. எங்களுக்கே தூக்கிவாரிப் போட்டுடுச்சு. அந்த வீட்டு அம்மா டீ கொடுத்துட்டு, கையைத் துடைச்சுட்டு பாறையைத் தொடுன்னாங்க."

"அந்த அம்மா, நீ எதைச் சொன்னாலும் அதைத் திருப்பிச் சொல்லி 'சரியா?'ன்னு கேட்டாங்களா?"

"ஆமா மேடம்! டெலிபோன்ல பேசற மாதிரியே! உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"என் நாத்தனார்."

உள்ளே ஆணி அடிக்கும் சத்தம் நின்றது.

சுத்தியலும் கையுமாக அவர் வாசற்படியில் வந்து நின்றார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ.

"அப்போ நான் நின்னது?" என்றார் அந்தப் பெண்ணைப் பார்த்து.

"தொட்டி கட்டறப்போ தோண்டிப் போட்ட மண்ணு, சார்."

"இருபத்தாறு வருஷமா நான் குழி தோண்டின மண்ணு மேல நின்னு போட்டோ எடுத்து மாட்டியிருக்கேனா?"

நாங்கள் மூன்று பேரும் சுவரைப் பார்த்தோம். முதல் உச்சி என்று பெரிதாக்கி மாட்டிய படம். தொட்டிக்குக் கீழே, இடுப்பில் கை வைத்து, உலகத்தையே வாங்கிவிட்டவர் போல நிற்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை விழாவைப் பற்றி நான் சொன்னதும் அந்தப் பெண் பாவம், எழுந்து நின்றுவிட்டாள். "ஞாயித்துக்கிழமை விழான்னு எனக்குத் தெரியாது சார். புது மேப் அடுத்த மாசம் தான் வரும். அதுவரைக்கும் நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நீ சொல்லாட்டா மண்ணு பாறையாயிடுமா?"

அவள் போனதும் இவர் சுத்தியலை மேஜையில் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மேடம்," என்றார். கோபம் வந்தால் நான் மேடம். "எழுத இடமில்லைன்னு ஒரு வார்த்தையை விட்டுட்டீங்களா?"

"ரெண்டு வார்த்தை."

"ரெண்டா! அப்போ சரி, மன்னிச்சுடலாம்!"

"எனக்கு அப்போ இருபத்தி நாலு வயசுங்க. நீங்க யாருன்னே தெரியாது. இதை நம்பி ஒருத்தர் மூட்டை கட்டிக்கிட்டு நாடு பூரா ஏறப் போறார்னு எனக்கு ஜோசியமா தெரியும்?"

"நான் ஒருத்தன் இல்ல. எத்தனை பேர் அதை நம்பியிருக்காங்க! தெரிஞ்சதைத் தெரிஞ்ச மாதிரி எழுத வேண்டியது தானே உன் வேலை? ஒரு வார்த்தையை முழுங்கினா அது எங்க போய் நிக்கும்னு யோசிக்க வேண்டாமா? நான் ஒரு லிஃப்ட்ல ஒரு போல்டை விட்டுட்டு, இடிக்குது, பார்க்க நல்லா இல்லைன்னு சொன்னா விடுவாங்களா?"

அவர் சொன்னது அத்தனையும் நியாயம். கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அந்தப் பாறை எதுன்னு தெரியுதா உனக்கு?"

"தெரியுது."

"அத்தான் பாறை."

அவருடைய அக்கா வீட்டுக்காரர், எங்கள் எல்லோருக்கும் அத்தான், செருப்புக் கடையில் விற்பனையாளராக இருந்தவர். வீடு கட்டும்போது அந்தப் பாறை உடையவில்லை. இரண்டு உளி மழுங்கியது. "அது முன்னாடி வந்துது, நாம தான் பின்னாடி வந்தோம், இருந்துட்டுப் போகட்டும்" என்று பாறையைச் சுற்றி அறையைக் கட்டிவிட்டார். அதில் உட்கார்ந்துதான் தினமும் ஷூவுக்குப் பாலிஷ் போடுவார். இவருடைய முதல் மலை ஷூ அத்தான் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது.

"நான் அந்தப் பாறையில உட்கார்ந்து எத்தனை நாள் சீட்டு ஆடியிருக்கேன்," என்றார்.

"அப்போ ஏறியாச்சே! விடுங்க!"

"உட்கார்ந்தது சேராது. கையெழுத்து வேணும்."

கழகத்தின் வழக்கம் அது. ஆளுக்கொரு நோட்டு. ஒரு உச்சிக்கு ஒரு பக்கம். தலைப்பெல்லாம் என் கையால் எழுதிக் கொடுத்தது: இடம், உயரம், நாள், வந்ததைப் பார்த்தவர் கையெழுத்து. மலையடிவாரத்து லாட்ஜ்காரர், காட்டுக் காவலர், யாராவது போடுவார்கள். இடம் ஒருவருடைய சொந்த நிலமாக இருந்தால் அவர்தான் போட வேண்டும்.

அதாவது அக்கா போட வேண்டும். பத்தொன்பது வருஷமாக இவருடன் பேசாத அக்கா.

எட்டாவது மாநிலத்து மலைக்கு இவர் போயிருந்தபோது அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அடிவாரத்து லாட்ஜுக்கு அக்கா போன் செய்து தகவல் சொன்னார்கள். தகவல் கைக்கு வருவதற்குள் இவர் ஏறிவிட்டார். இறங்கி, பஸ் பிடித்து, நாலாவது நாள் வந்து நின்றபோது அத்தானை அடக்கம் செய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அக்கா கதவைத் திறந்து இவரை மேலும் கீழும் பார்த்து, "யார் வேணும்?" என்று கேட்டார்கள். அதோடு சரி.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. தகவல் சேராததற்கு இவர் என்ன செய்வார்? அந்த லாட்ஜ் முதலாளிக்கு நாலு பக்கம் லெட்டர் எழுதினேன். உங்கள் ஆளின் சோம்பேறித்தனத்தால் ஒரு குடும்பம் இரண்டாகிவிட்டது என்று எழுதினேன். மார்க்கெட்டில் நாத்தனாரைப் பார்த்தபோது நடு ரோட்டில் நிறுத்திக் கேட்டேன். என் மகள் கல்யாணத்துக்கு அழைக்காமலே விட்டேன்.

"பேசாம ஞாயித்துக்கிழமை கேடயத்தை வாங்கிட்டு வந்துடுங்க," என்றேன். "அடுத்த மாசம் மேப் வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்."

"பொய்க்கு ஒரு கேடயமா? நான் இதுவரைக்கும் பித்தலாட்டம் பண்ணினதில்ல." எழுந்துவிட்டார். "கிளம்பு. இன்னைக்கே போயிடலாம்."

"இப்பவேவா?"

"நாளைக்குன்னா எனக்குத் தைரியம் இருக்காது."

சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்பினோம். அவர் மலை ஷூவைப் போட்டுக்கொண்டார்.

"நாலு தெரு தள்ளிப் போறதுக்கு ஷூ எதுக்கு?"

"உச்சிக்குப் போறோம்ல."

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். ஆனால் தெருமுனை வரைக்கும் நோட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி இருந்தது. தண்ணித் தொட்டி மேட்டைத் தாண்டும்போது தலையைத் திருப்பிக்கொண்டார். பம்ப் ஹவுஸ் தெருவில் ஏற்றம் இருப்பதே தெரியாது. ஒரு பந்தை வைத்தால் யோசித்து யோசித்துத்தான் உருளும்.

அழைப்பு மணியை நான்தான் அடித்தேன். கதவு திறந்தது. நாத்தனாருக்கு முடி முழுக்க வெளுத்துவிட்டது. முதுகு மட்டும் இன்னும் நேராகவே இருந்தது.

"யார் வேணும்?"

"அண்ணி, நான் தான்."

"உன்னைத் தெரியுதும்மா. பின்னாடி நிக்கறது யாருன்னு கேட்டேன்."

"தம்பி," என்றார் இவர்.

"என்ன விஷயமா?"

"ஒரு கையெழுத்து வேணும், அக்கா."

அண்ணி சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை. "பத்தொன்பது வருஷம் கழிச்சு என்னைப் பார்க்க வரல. பாறையைப் பார்க்க வந்திருக்கே. சரியா?"

இவர் நோட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"சர்வே பொண்ணு வந்துட்டுப் போனப்பவே நினைச்சேன், இவன் வருவான்னு. கதவு கிறீச்சிடுதேன்னு எண்ணெய் கூடப் போட்டு வெச்சேன். வாங்க."

எனக்கு உயிர் வந்தது. எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்கள்! இரண்டு வார்த்தை பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

பின்னறை அப்படியே இருந்தது. அத்தானின் கட்டில். சுவர் ஓரமாக ஷூ அலமாரி, ஏழு ஜோடி, ஏழிலும் பாலிஷ். மூலையில் சிமென்ட் தரையைப் பிளந்துகொண்டு பாறை, ஒரு முக்காலி உயரத்துக்கு. அவர் உட்கார்ந்து உட்கார்ந்து மேல்பக்கம் வழுவழுவென்று கறுத்திருந்தது. நடுவில் சர்வேக்காரர்கள் வைத்த மஞ்சள் பொட்டு.

அண்ணி ஜன்னல் பக்கமாக நின்று நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டார்கள். "வந்ததைப் பார்த்தவர் கையெழுத்து. அதாவது, இவன் வந்தான், நான் என் கண்ணால பார்த்தேன்னு நான் எழுதிக் குடுக்கணும். சரியா?"

"ஆமா அண்ணி."

"தலைப்பெல்லாம் நீ எழுதினதா? முத்து முத்தா இருக்கு."

அவர்கள் பக்கங்களைப் புரட்டினார்கள். மூன்று, ஐந்து, ஏழு. எட்டாவதில் விரல் நின்றது. கீழே இருந்த பெயரை உதட்டுக்குள் படித்தார்கள்.

"இவர் தான். அன்னைக்குப் போனை எடுத்தவர்."

எனக்கு நாக்கு சும்மா இருக்காதே. "அந்த லாட்ஜ்காரனா! தகவலைக் கையில வெச்சுக்கிட்டு தூங்கிப் போன மகானுபாவன்! அவன் முதலாளிக்கு நான் எழுதின லெட்டரைப் படிச்சிருந்தா ஒரு வாரம் சாப்பிட்டிருக்க மாட்டான்."

அண்ணி நோட்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்கள். அப்புறம் இவரைப் பார்த்தார்கள். மறுபடி என்னை.

"தகவல் சேரலைன்னு உனக்கு யார் சொன்னா?"

"இவர் தான்…"

"ஏம்மா, நான் இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில டெலிபோன் போர்டுல உட்கார்ந்தவ. தகவல் சேர்ந்துச்சான்னு கேட்காம என்னைக்காவது விட்டிருக்கேனா? சாயங்காலம் அஞ்சரைக்கு லாட்ஜ்காரர்கிட்ட சொன்னேன். அவர் எழுதிக்கிட்டு எனக்குத் திருப்பி வாசிச்சுக் காட்டினார். பேர் கேட்டேன், பேர் சொன்னார். ஏழு மணிக்கு மறுபடி கூப்பிட்டேன். 'கொடுத்துட்டேம்மா. என் எதிர்ல தான் படிச்சார். மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். காலையில அஞ்சு மணிக்கு எழுப்பச் சொல்லியிருக்கார்'னு சொன்னார்."



"பஸ்ஸுக்குன்னு நினைச்சேன்," என்றார்கள் அண்ணி. "அன்னைக்கு ராத்திரி பூரா ஆஸ்பத்திரியில அவர் காதுல, தம்பி காலையில கிளம்பிடுவான், தம்பி காலையில கிளம்பிடுவான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

அவர் கை சட்டைப் பைக்குப் போனது.

"என்னங்க, அண்ணி என்னென்னமோ சொல்றாங்க. வேற யாரோட சீட்டாவது இருக்கும், ஆள் மாறியிருக்கும். சொல்லுங்களேன்."

"படிச்சேன்," என்றார்.

முதலில் எனக்கு அந்தச் சொல் விளங்கவே இல்லை. ஏதோ தெரியாத பாஷையில் பேசிய மாதிரி இருந்தது. கைக்குத் தட்டுப்பட்டதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"படிச்சீங்களா?"

"அத்தானுக்கு முன்னாடியும் ரெண்டு தடவை அப்படி ஆச்சு. ரெண்டு தடவையும் எழுந்து நடந்து வந்தார். மறுநாள் மழை பிடிக்கும், அப்புறம் அடுத்த வருஷம் தான் பாதை திறப்பாங்கன்னு சொன்னாங்க. ஒரே நாள் தானே, ஏறி இறங்கிட்டு ஓடிடலாம்னு…"

"சேரலைன்னு சொன்னீங்களே!"

"நான் சொல்லல. நீ தான் சொன்னே." அவர் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான் பையை இறக்கி வைக்கறதுக்குள்ள, 'பாவி, தகவல் சேரலையா உங்களுக்கு?'ன்னு கேட்டே. ஆமான்னு தலையாட்டினேன். அவ்வளவு தான். மறுநாள் பார்த்தா நீ லெட்டரே எழுதிட்டே. அதுக்கப்புறம் எப்படி…"

"மத்தியானம் ரெண்டு வார்த்தைக்கு என்னை என்ன பேச்சுப் பேசினீங்க! ஒரு போல்டை விடலாமான்னு கேட்டீங்களே! இந்த வாய் தானே கேட்டுது?"

பத்தொன்பது வருஷம். மார்க்கெட். என் மகள் கல்யாணத்தில் காலியாக இருந்த அத்தை நாற்காலி. முகம் தெரியாத ஒரு மனிதனுக்கு நாலு பக்கம் வசவு, அதுவும் முத்து முத்தான எழுத்தில்.

"அண்ணி, நீங்களாவது என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"மார்க்கெட்ல என்னை நிறுத்தி, 'உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?'ன்னு கேட்டியே, அன்னைக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துது. முழுங்கிட்டேன். நீ இவனை நம்பிக் குடும்பம் நடத்தறே. நான் ஏன் அதுல கல்லைத் தூக்கிப் போடணும்? இவன் வாயால வரணும்னு இருந்தேன்." அப்புறம் அதே குரலில், "எழுந்திரும்மா, நீ உட்கார்ந்திருக்கறது தான் உச்சி," என்றார்கள்.

சுட்டது போல எழுந்தேன். பாறை. மஞ்சள் பொட்டு என் சேலைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது.

"நீ வாடா," என்றார்கள் அண்ணி. "ஷூவைக் கழட்டு. அவர் குடுத்த ஷூ போட்டுக்கிட்டுத் தானே அன்னைக்கு ஏறினே?"

"ஆமா, அக்கா."

அவர் கட்டிலில் உட்காராமல் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முட்டி மடங்கவில்லை. வலது கயிறு முடிச்சு விழுந்துவிட்டது. என் கை பழக்கத்தில் ஓர் அடி முன்னால் போனது. அப்படியே இழுத்துக்கொண்டேன். அண்ணியும் நகரவில்லை. இரண்டு பெண்கள் நின்று பார்க்க, ஒரு மனிதன் ஷூ கழற்றுவதற்கு அத்தனை நேரம் ஆகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"உட்காரு. அவர் உட்கார்ற மாதிரி."

உட்கார்ந்தார்.

"சீட்டுல என்ன எழுதியிருந்துச்சு?"

"அக்கா…"

"எனக்குத் தெரியும். நீ சொல்லு."

இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். மூன்றாவது தடவைதான் சத்தம் வந்தது. "'அத்தான் உன்னைக் கேட்கிறார். உடனே வா.'"

கேட்கிறார். சீரியஸ் என்றுதான் தகவல் என்று அக்கம்பக்கமெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்கிறார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"அத்தான் உன்னைக் கேட்கிறார், உடனே வா," அண்ணி ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார்கள். "சரியா இருக்கு."

அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அண்ணி கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். பிறகு அலமாரி மேலிருந்து பேனாவை எடுத்துத் தொட்டி மேட்டுப் பக்கத்தைத் திருப்பினார்கள். தண்ணித் தொட்டி மேடு என்று நான் எழுதியிருந்ததை ஒரு கோட்டால் அடித்தார்கள். மேலே இடத்தையும் உயரத்தையும் நாளையும் எழுதினார்கள். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். எழுதினார்கள். கையெழுத்துப் போட்டார்கள். நோட்டை என்னிடம் நீட்டினார்கள்.

"வாசிச்சுச் சரி பாரு."

வாசித்தேன். "'வந்தார். மாலை ஆறு பத்து. பத்தொன்பது வருஷம் தாமதம்.'"

"சரியா?"

"சரியா இருக்கு, அண்ணி."

இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையைத் தூக்கினார். "இதை எப்படி அக்கா கழகத்துல காட்டறது?"

"காட்டு, காட்டாம போ. நான் பார்த்ததைத் தான் நான் எழுத முடியும்." அண்ணி குனிந்து அவருடைய ஷூ இரண்டையும் தூக்கிப் பார்த்தார்கள். "பாலிஷ் போட்டு எத்தனை நாளாச்சு? இங்க விட்டுட்டுப் போ. அடுத்த வாரம் வந்து வாங்கிக்கோ."

அவர் வெறும் காலோடுதான் தெருவில் இறங்கினார்.

நான் முன்னால் நடந்தேன். பின்னால் அவர் கல்லுக்கும் கண்ணாடிச் சில்லுக்கும் பயந்து பயந்து கால் வைக்கும் சத்தம் கேட்டது.

"கொஞ்சம் மெதுவா போயேன். முட்டி வலிக்குது."

நான் நிற்கவில்லை. மேட்டுக்குக் கீழே வந்ததும்தான் நின்றேன், அதுவும் ஒரு வண்டி குறுக்கே வந்ததால்.

"ஞாயித்துக்கிழமை விழாவுக்கு நாம…" என்று ஆரம்பித்தார்.

"நீங்க போங்க. நோட்டை எடுத்துட்டுப் போங்க. அந்தப் பக்கத்தை முதல்ல காட்டுங்க, அப்புறம் கேடயம் கொடுத்தா வாங்கிட்டு வாங்க."

"நீ வரலையா?"

"எனக்கு எழுதற வேலை இருக்கு. ரெண்டு லெட்டர். ஒண்ணு சர்வே ஆபீஸுக்கு, விட்டது நான் தான்னு."

"இன்னொண்ணு?"

"லாட்ஜ்காரருக்கு."

"அந்த ஆள் இப்போ இருக்காரோ, இல்லையோ."

"இருந்தா அவர் படிக்கட்டும். இல்லைன்னா அவர் வீட்டுல யாராவது படிக்கட்டும். திட்டினது அவங்க காதுக்கும் போயிருக்கும்ல?"

வீட்டுப் பூட்டைத் திறந்தேன். சுவரில் கேடயத்துக்கு அடித்த ஆணி பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நின்றது. என் பழைய டிராயிங் பலகையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து மேஜையில் வைத்தேன். அவர் தூசிக் காலோடு வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வரலாமா என்று யோசிப்பவர் மாதிரி.

"லெட்டர்ல என்ன எழுதப் போறே?"

"நடந்ததை."

"எல்லாத்தையுமா?"

"பேனாவை எங்க வெச்சீங்க?" என்று கேட்டேன்.